அமெரிக்காவில் வயதான பெற்றோருக்குச் சிகிச்சையில் தவறு நடந்தால்: வழக்கா, பேச்சுவார்த்தையா, புகாரா?

அமெரிக்காவில் அப்பா அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்கள் பல இந்த இடத்தில் சிக்கி நிற்கின்றன. தவறு நடந்திருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது. மருந்து மாறிப்போயிருக்கிறது, அல்லது பராமரிப்பு இல்லத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, அல்லது படுக்கைப்புண் எலும்புவரை போயிருக்கிறது. ஆனால் பேசிய லாயர் ஒவ்வொருவரும் "மன்னிக்கவும், எங்களால் எடுக்க முடியாது" என்கிறார். இனி என்ன செய்வது? வேறு லாயரைத் தேடுவதா, மருத்துவமனையோடு பேசி முடிப்பதா, அரசிடம் புகார் கொடுத்துவிட்டு விடுவதா?

லாயர் மறுக்கிறார் என்றால் தவறே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அவர் பார்ப்பது நோயாளியின் வயதைத்தான். அது ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் எந்த வழியில் போவது என்று முடிவு செய்ய முடியும். அதனால் முதலில் அந்தக் கணக்கு.

## சட்டம் வயதானவரை எப்படி எடை போடுகிறது

இழப்பீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, ரசீது காட்டிக் கணக்குப் போடக்கூடியது: மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், இனி வரவிருந்த வருமானம். இன்னொன்று, வலி, வேதனை, நடமாட்டம் போனது, பேரக்குழந்தையைத் தூக்க முடியாமல் போனது போன்ற ரசீது இல்லாத இழப்புகள்.

மருத்துவர்களின் காப்பீட்டுப் பிரீமியம் கட்டுக்கடங்காமல் ஏறியபோது, 1970களிலிருந்து பல மாநிலங்கள் 'டார்ட் ரிஃபார்ம்' என்ற பெயரில் இழப்பீட்டுச் சட்டங்களைத் திருத்தின. பெரும்பாலும் கைவைத்தது இரண்டாவது பகுதியில். கலிஃபோர்னியா 1975இல் மைக்ரா சட்டத்தின் மூலம் வலிக்கும் வேதனைக்கும் அதிகபட்சம் 2.5 லட்சம் டாலர் என்று வரம்பு வைத்தது. டெக்சஸ் 2003இல் அதே தொகையை மருத்துவர்கள் தரப்புக்கு வைத்தது. மருத்துவமனை போன்ற நிறுவனங்களையும் சேர்த்தால் எல்லாமாக 7.5 லட்சத்தைத் தாண்ட முடியாது.

இப்போது ஒரே தவறு இரண்டு பேருக்கு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 45 வயது, ஆண்டுக்கு 1.2 லட்சம் டாலர் சம்பளம். இனி வேலைக்குப் போக முடியாது என்றால், 20 ஆண்டுக் கணக்கில் வருமானம் மட்டுமே 24 லட்சம் டாலர் போகிறது. அதற்கு உச்சவரம்பு கிடையாது. இன்னொருவர் 78 வயது அம்மா. சம்பளம் இல்லை. மருத்துவச் செலவை மெடிகேர் (முதியவர்களுக்கான அரசுக் காப்பீடு) கட்டிவிட்டது, அதுவும் அதன் குறைந்த விலையில். டெக்சஸில், உண்மையில் கட்டப்பட்ட அல்லது கட்ட வேண்டிய தொகையை மட்டுமே செலவாகக் காட்ட முடியும். பில்லில் அச்சடித்த தொகையைக் காட்ட முடியாது. ஆக அம்மாவுக்கு மிஞ்சுவது வலிக்கான இழப்பீடு மட்டும். வரம்பு இருப்பதும் சரியாக அதற்குத்தான்.

சட்டத்தில் 'முதியவருக்குக் குறைவாகக் கொடு' என்று எங்கும் எழுதியிருக்காது. ஆனாலும் முடிவு அங்கேதான் போய் நிற்கிறது. வரம்புகளின் அடி பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் மேல்தான் அதிகம் விழுகிறது என்று பேராசிரியர் லூசிண்டா ஃபின்லி 2004இலேயே தீர்ப்புகளை ஆராய்ந்து எழுதினார். யூட்டா, கொலராடோ மருத்துவமனைகளை ஆராய்ந்து 2000இல் வெளிவந்த ஆய்வில், கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவர்களில் 97 சதவீதம் பேர் வழக்கே போடவில்லை. அப்படி விட்டுவிட்டவர்களில் மெடிகேர் நோயாளிகளும் 75 வயதைத் தாண்டியவர்களும் கூடுதலாக இருந்தார்கள்.

சீர்திருத்தத்தை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். வழக்குப் பயம் குறைந்தால் மருத்துவர்கள் தேவையில்லாத பரிசோதனைகளைக் குறைப்பார்கள், முதியவர்களுக்கு நல்லது என்பது அது. 1996இல் கெஸ்லர், மெக்லெல்லன் இருவரும் மெடிகேர் இதய நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு, இழப்பீட்டு வரம்பு போன்ற நேரடியான சீர்திருத்தங்கள் மருத்துவமனைச் செலவை 5 முதல் 9 சதவீதம் குறைத்தன, அதனால் நோயாளிகளுக்குக் கெடுதல் நேரவில்லை என்றது. ஆனால் டெக்சஸின் 2003 மாற்றத்துக்குப் பிறகு மெடிகேர் செலவைப் பார்த்த பிளாக், ஹைமன் முதலியவர்களின் ஆய்வில் அப்படிக் குறைந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. எனக்கு இரண்டாவது முடிவுதான் இன்றைய நிலைமைக்கு நெருக்கமாகத் தெரிகிறது. அதைவிட, மொத்தச் செலவு எங்கோ சில சதவீதம் குறைந்தது என்பது அடிபட்டுக் கிடக்கும் ஒரு பாட்டிக்கு எந்த ஈடும் ஆகாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஒவ்வொரு வழியையும் இந்த ஐந்து கேள்விகளோடு பாருங்கள்.

- லாயர் கிடைப்பாரா? வழக்கில் முதல் தடையே இதுதான்.
- நிரூபிக்க முடியுமா? 'ஏற்கெனவே சர்க்கரை, இதய நோய், வயது வேறு 80. தவறே நடக்காவிட்டாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்' என்பதுதான் எதிர்த்தரப்பு எப்போதும் சொல்வது.
- எல்லாம் போகக் கையில் எவ்வளவு நிற்கும்?
- எவ்வளவு காலம் ஆகும்? அதுவரை பெற்றோரின் உடம்பு தாங்குமா?
- என்னதான் நடந்தது என்ற உண்மை தெரிய வருமா?

கடைசிக் கேள்விக்குப் பல குடும்பங்கள் முதல் இடம் கொடுப்பார்கள். அது தவறே இல்லை. ஆனால் உண்மைதான் வேண்டுமா, பணமும் வேண்டுமா என்று வீட்டுக்குள் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் போகும் வழிகள் வேறு.

## வழி 1: மருத்துவக் கவனக்குறைவு வழக்கு

மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ மருத்துவர் செய்த தவறு என்றால் இதுதான் நேர்வழி. லாயர் முன்பணம் வாங்க மாட்டார். வென்றால் பங்கு எடுத்துக்கொள்வார், மூன்றில் ஒரு பங்கு என்பது சாதாரணம். நிபுணர் சாட்சிகளுக்கும் பதிவேடுகளுக்கும் ஆகும் செலவையும் அவரே போட்டுப் பிறகு கழித்துக்கொள்வார். அதனால்தான் சின்ன வழக்கு அவருக்குக் கட்டுப்படியாகாது. 2.5 லட்சம் டாலருக்குக் குறைவாக வரும் என்றால், ஜெயிப்பது ஏறக்குறைய உறுதியான வழக்கைக்கூட எடுக்க மாட்டோம் என்று பாதிக்கு மேற்பட்ட லாயர்கள் சொன்னதாகப் பேராசிரியர் ஜோனா ஷெப்பர்டின் கணக்கெடுப்பு காட்டியது.

மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வெகுவாக மாறுகிறது.

கலிஃபோர்னியா இப்போது முன்னைவிடப் பரவாயில்லை. 2023 முதல் வரம்பு காயத்துக்கு 3.5 லட்சம், மரணத்துக்கு 5 லட்சம் என்று உயர்ந்து, ஆண்டுதோறும் 40,000, 50,000 எனக் கூடி, 2033இல் 7.5 லட்சமும் 10 லட்சமும் ஆகும். 47 ஆண்டுகள் ஒரே எண்ணில் உறைந்து கிடந்ததை நினைத்தால் இது பெரிய மாற்றம். முதியவர்களுக்குப் பயன்படும் இன்னொரு விதியும் அங்கே உண்டு. வழக்குத் தொடுப்பவர் 70 வயதைத் தாண்டியவராகவும் உடல்நிலை மோசமாகவும் இருந்தால், நீதிமன்றத்திடம் முன்னுரிமை கேட்கலாம். கிடைத்துவிட்டால் 120 நாட்களுக்குள் விசாரணை. லாயர் இதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

டெக்சஸ் மிகக் கடினம். எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்த 120 நாட்களுக்குள் நிபுணர் அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்கு தள்ளுபடியாகும், எதிர்த்தரப்பின் லாயர் செலவும் உங்கள் தலையில் விழும். அவசரப் பிரிவில் நடந்த சிகிச்சை என்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது; தெரிந்தே அலட்சியம் காட்டினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். முதியவர்கள் மருத்துவமனைக்குள் போவதே பல நேரம் அவசரப் பிரிவு வழியாகத்தான்.

ஃப்ளோரிடாவில் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே வரம்புகளை மாநில உச்ச நீதிமன்றம் 2014, 2017 தீர்ப்புகளில் நீக்கிவிட்டது. ஆனால் 1990இல் வந்த ஒரு விதி அப்படியே இருக்கிறது. கணவரையோ மனைவியையோ இழந்து தனியாக வாழ்ந்த ஒருவர் மருத்துவத் தவறால் இறந்தால், 25 வயதைத் தாண்டிய பிள்ளைகள் தங்கள் வேதனைக்காக ஒரு டாலரும் கேட்க முடியாது. அதே அப்பா கார் விபத்தில் இறந்திருந்தால் கேட்கலாம். இந்த விதியை நீக்கும் மசோதா 2025இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் டிசாண்டிஸ் அதைத் தடுத்துவிட்டார். தனித்து வாழும் முதியவர்களின் உயிரை இப்படி வழக்கின் கணக்கிலிருந்தே வெளியே வைப்பது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நியூயார்க்கில் வரம்பு இல்லை. ஆனால் இறப்பு வழக்கில் குடும்பத்தாரின் துக்கத்துக்கு இழப்பீடு கிடையாது, பண இழப்புக்கு மட்டுமே. இறப்பதற்கு முன் நோயாளி நினைவோடு பட்ட வலிக்குக் கேட்கலாம்.

### கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

சமரசத்தில் 2.5 லட்சம் டாலர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். லாயருக்கு 33 சதவீதம், அதாவது 82,500. வழக்குச் செலவு 50,000. இந்தக் காயத்துக்காக மெடிகேர் 40,000 செலவழித்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 1980இலிருந்து கூட்டரசின் (ஃபெடரல்) சட்டம் அப்படி. லாயர் கட்டணத்திலும் செலவிலும் தன் பங்கை மெடிகேர் கழித்துக்கொள்ளும், அதனால் இந்த உதாரணத்தில் அது எடுப்பது 18,800. கையில் நிற்பது 98,700 டாலர். மெடிகேரைத் தீர்க்காமல் பணத்தைப் பிரித்துக்கொண்டால், பிறகு குடும்பத்திடமே வசூலிக்க வருவார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் மெடிகெய்டு, அதாவது வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு. பராமரிப்பு இல்லத்தின் மாதக் கட்டணத்தை மெடிகெய்டு கட்டிக்கொண்டிருந்தால், பல மாநிலங்களில் தனிநபர் கையில் 2,000 டாலருக்கு மேல் சொத்து இருக்கக் கூடாது. இழப்பீடு வந்த மாதமே தகுதி போய்விடலாம். 65 வயதுக்குள் இருப்பவர்கள் அந்தப் பணத்தைத் தனி அறக்கட்டளையில் வைத்துத் தகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். 65ஐத் தாண்டியவர்களுக்கு அது கிடையாது. லாப நோக்கமற்ற அமைப்புகள் நடத்தும் கூட்டு அறக்கட்டளை ஒன்றுதான் வழி, அதையும் எல்லா மாநிலங்களும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் முதியோர் சட்டம் தெரிந்த லாயர் ஒருவரிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். விபத்து வழக்கு லாயர்கள் எல்லோரும் இதைக் கவனிப்பதில்லை.

## வழி 2: பராமரிப்பு இல்லத்தின் மீது, முதியோர் புறக்கணிப்பு வழக்கு

மருத்துவர் தவறாக முடிவெடுத்தது வேறு. உணவு, தண்ணீர், சுத்தம், புரட்டிப் படுக்கவைப்பது என்ற அடிப்படைக் கவனிப்பே இல்லாமல் போனது வேறு. இரண்டாவதற்குப் பல மாநிலங்களில் தனிச் சட்டம் இருக்கிறது. முதல் லாயர் கதவைச் சாத்திவிட்டார் என்றால், இந்தக் கதவைத் தட்டினீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.

கலிஃபோர்னியாவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான இந்தச் சட்டத்தில் வென்றால், லாயர் கட்டணத்தை எதிர்த்தரப்பு கட்ட வேண்டும். அந்த ஒரு விதியே சிறிய வழக்கையும் லாயருக்குக் கட்டுப்படியாக்குகிறது. படுக்கைப்புண்களோடு இறந்த 88 வயது மூதாட்டி ஒருவரின் வழக்கில், உரிமம் பெற்ற இல்லம் என்பதாலேயே 'இது வெறும் மருத்துவக் கவனக்குறைவு' என்று தப்பிக்க முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. ஆனால் இதற்கு விலையும் உண்டு. சாதாரணக் கவனக்குறைவு போதாது. பொறுப்பற்ற அலட்சியம் என்று தெளிவான, உறுதியான ஆதாரத்தோடு காட்ட வேண்டும். வெளிநோயாளியாகப் போய்வந்த கிளினிக்குக்கும் பொருந்தாது. முதியவர் அவர்கள் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும் என்று 2016 தீர்ப்பு சொல்கிறது.

இல்லினாய், நியூயார்க் மாநிலங்களிலும் பராமரிப்பு இல்லங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு, லாயர் கட்டணம் பெற வழியும் உண்டு. ஃப்ளோரிடாவில் பராமரிப்பு இல்லத்துக்குச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. அதன் கீழ் வரும் வழக்கு 'மருத்துவக் கவனக்குறைவு' அல்ல என்று நிற்குமானால், மேலே சொன்ன 25 வயது விதி தடுக்காது. அதனால்தான் வழக்கை எந்தப் பெயரில் தாக்கல் செய்வது என்பதிலேயே பாதிச் சண்டை நடக்கும். டெக்சஸில் இந்த வசதி இல்லை. பராமரிப்பு இல்லமும் அதே வரம்புச் சட்டத்துக்குள்தான் வருகிறது.

சேர்க்கும் நாளில் நீட்டிய காகிதக் கட்டில் நடுவர் ஒப்பந்தம் ஒன்று இருந்திருக்கலாம். அதில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஜூரி கிடையாது, தனியார் நடுவர்தான். மெடிகேர், மெடிகெய்டு வாங்கும் இல்லங்கள் இந்தக் கையெழுத்தைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று 2019 முதல் கூட்டரசு விதி இருக்கிறது. போட்டிருந்தாலும் 30 நாட்களுக்குள் எழுத்தில் விலகிக்கொள்ளலாம். இப்போதுதான் அம்மாவைச் சேர்த்திருக்கிறீர்கள் என்றால், படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அந்தக் காகிதத்தைத் தேடுங்கள்.

## வழி 3: மருத்துவமனையோடு நேரடிப் பேச்சு

மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல் ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறது: தவறு நடந்தால் தாங்களே சொல்வது, மன்னிப்புக் கேட்பது, நியாயமான தொகை தர முன்வருவது. அதற்குப் பிறகு அங்கே வழக்குகள் குறைந்தன என்று 2010இல் ஆய்வு வந்தது. மாசசூசெட்ஸ் 2012இல் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. வழக்குக்கு முன் 182 நாள் அறிவிப்பு தர வேண்டும்.

பெற்றோர் உயிரோடு இருந்து, அலைச்சல் தாங்காதவராக இருந்தால், எனக்கு மிகவும் பிடித்த வழி இது. சாட்சிக் கூண்டு இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, சில மாதங்களில் முடியலாம். நினைவு தடுமாறும் ஒருவரை மணிக்கணக்கில் கேள்வி கேட்டு வதைப்பதைத் தவிர்ப்பதே பெரிய விஷயம்.

ஆனால் மருத்துவமனைக்கு இதில் அனுபவம் அதிகம், உங்களுக்கு இது முதல் தடவை. பேச்சு நடக்கிறது என்பதற்காக வழக்குப் போடுவதற்கான கெடு நின்றுவிடாது. கெடுவை நிறுத்திவைக்கும் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்க வேண்டும். கடைசியில் கையெழுத்துப் போடும் காகிதம் எல்லா உரிமைகளையும் முடித்துவிடும். அதற்கு மட்டுமாவது மணிக்கணக்குக் கட்டணத்தில் ஒரு லாயரை வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 4: அரசிடம் புகார்

செலவில்லை, லாயர் வேண்டாம். பணமும் வராது. மெடிகேரில் இருப்பவர்கள் சிகிச்சையின் தரம் குறித்து மெடிகேரின் தர மேம்பாட்டு அமைப்பிடம் மூன்று ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். மருத்துவர்கள் பதிவேட்டைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். அந்தக் கருத்தை வழக்கில் ஆதாரமாகக் கொண்டுபோக முடியாது. தனி மருத்துவர் மீது என்றால் மாநில மருத்துவ வாரியம். பல வாரியங்களில் வருடக்கணக்கில் இழுக்கும்.

பராமரிப்பு இல்லம் என்றால் இந்த வழிக்கு வலு கூடும். மாநிலச் சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்ப்பார்கள். குறை கண்டால் எழுதும் அறிக்கை பொதுவில் வரும், பிறகு வழக்குக்குப் போனால் லாயர் முதலில் கேட்பதும் அதைத்தான். கூடவே எல்லா மாநிலங்களிலும் பராமரிப்பு இல்லங்களுக்கென்று குறைதீர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றால் அவரை இன்றே கூப்பிடுங்கள். புகார் கொடுத்ததற்காக இல்லம் பழிவாங்கக் கூடாது என்பது கூட்டரசு விதி.

## ஒரே பார்வையில்

| | கவனக்குறைவு வழக்கு | புறக்கணிப்பு வழக்கு | நேரடிப் பேச்சு | புகார் |
|---|---|---|---|---|
| லாயர் கிடைப்பது | வயதானவர்களுக்குக் கடினம் | கட்டண விதி உள்ள மாநிலங்களில் எளிது | முடிவில் மட்டும் தேவை | தேவையில்லை |
| நிரூபிப்பது | நிபுணர் சாட்சி வேண்டும் | சில மாநிலங்களில் ஆதாரத் தரம் அதிகம் | முறைப்படி இல்லை | ஆய்வாளர்கள் பார்ப்பார்கள் |
| பணம் | வரம்பு, கழிவுகள் போக | ஓரளவு நல்லது | குறைவு, ஆனால் சீக்கிரம் | இல்லை |
| காலம் | ஆண்டுகள் | ஆண்டுகள் | மாதங்கள் | வாரங்கள் முதல் ஆண்டுகள் வரை |
| உண்மை தெரிவது | ஆவணங்கள் வழியாக நிறைய | நிறைய | மருத்துவமனையின் மனதைப் பொறுத்தது | ஓரளவு |

## யாருக்கு எது

பராமரிப்பு இல்லத்தில் படுக்கைப்புண், நீர்ச்சத்து இழப்பு, திரும்பத் திரும்ப விழுவது என்றால்: முதலில் சுகாதாரத் துறைப் புகார், அதோடு வழி 2. இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும்.

அறுவைச் சிகிச்சையிலோ நோயைக் கண்டறிவதிலோ தவறு, பெற்றோர் உயிரோடு இருக்கிறார், இனி வீட்டில் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால்: வழி 1 நீங்கள் நினைப்பதைவிட நல்ல வழி. எதிர்காலப் பராமரிப்புச் செலவு ரசீதுக் கணக்கில் வரும். அதற்குக் கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் உச்சவரம்பு இல்லை. எத்தனை ஆண்டுகளுக்கு என்ன செலவாகும் என்று நிபுணர் போட்டுத் தரும் திட்டத்தை வைத்து லாயரிடம் பேசினால், 'வயதானவர், வருமானம் இல்லை' என்று மறுத்தவர்கூட மறுபடி யோசிக்கலாம்.

தனியாக வாழ்ந்த அப்பா ஃப்ளோரிடா மருத்துவமனையில் இறந்துவிட்டார், பிள்ளைகள் எல்லோரும் 25ஐத் தாண்டியவர்கள் என்றால்: பெரிய வழக்கு கிடைக்காது. வழி 3, 4 இரண்டையும் சேர்த்துப் போங்கள்.

அரசு நிதியில் நடக்கும் சமூகக் கிளினிக் என்றால் அது கூட்டரசின் மீதான உரிமைகோரலாக மாறக்கூடும். அதற்குத் தனிப் படிவம், இரண்டு ஆண்டுக் கெடு.

கெடுக்கள்: டெக்சஸிலும் ஃப்ளோரிடாவிலும் பொதுவாக இரண்டு ஆண்டுகள். நியூயார்க்கில் கவனக்குறைவுக்கு இரண்டரை, இறப்புக்கு இரண்டு. கலிஃபோர்னியாவில் தெரிய வந்ததிலிருந்து ஒரே ஆண்டு, அல்லது காயம் பட்டதிலிருந்து மூன்று ஆண்டுகள், எது முன்னால் வருகிறதோ அது. வழக்குக்கு 90 நாள் முன் அறிவிப்பும் தர வேண்டும்.

எந்த வழியில் போனாலும் பதிவேடுகளை இப்போதே கேட்டு வாங்குங்கள். மருத்துவமனை 30 நாட்களுக்குள் தர வேண்டும். பராமரிப்பு இல்லம் 24 மணி நேரத்தில் பார்க்க விட வேண்டும், கேட்டால் இரண்டு வேலை நாட்களில் நகல் தர வேண்டும்; வார இறுதியும் விடுமுறையும் கணக்கில் வராது. பவர் ஆஃப் அட்டர்னி யார் பெயரில் இருக்கிறதோ அவர் எழுத்தில் கேட்கட்டும். லாயர் மறுத்தால், மறுப்பை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, உங்கள் வழக்குக்குக் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் அதிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். அடுத்த லாயரிடம் பேசும்போது அந்தத் தேதியை முதலில் சொல்லிவிட்டு, "இதைப் புறக்கணிப்பு வழக்காகப் போட முடியுமா?" என்று கேளுங்கள்.